அந்தப் புள்ளி எத்தனை மணிக்கு வந்தது?

மலையேற்றக் குழுக்களில் பெயர் கொடுத்து, சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு விடியும்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வந்து இறங்கும் தம்பி தங்கைகளுக்கு,

போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே முழுக்க மலைதான். மாசி பாதியிலிருந்து சித்திரையில் கோடை மழை இறங்கும்வரை, இருட்டியதும் மாடி ஏறி ஒருமுறை மலையைப் பார்த்துவிட்டு வருவது இந்தத் தெருவில் பலருக்குப் பழக்கம். சில ராத்திரிகளில் மலைக்குச் சரம் கட்டியதுபோல நெருப்பு நீளமாக ஓடும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அழகாயிருக்கிறது என்று படம் எடுப்பார்கள். எங்களுக்கு வயிறு கலங்கும். எந்தப் பக்கம், மேலே ஏறுகிறதா, பக்கவாட்டில் போகிறதா, அந்தச் சரிவில் யார் இருக்கிறார்கள் என்றுதான் மனசு ஓடும்.

2018 மார்ச் 11-க்குப் பிறகு அந்தக் கலக்கம் கூடிவிட்டது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவிலிருந்த சரிவில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த பிள்ளைகள் தீயில் சிக்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, வாரக் கடைசியில் மலை பார்க்க வந்தவர்கள். முதலில் மேலே ஓடியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்கள். பிறகு வனத்துறை, தீயணைப்புத் துறை, விமானப்படை ஹெலிகாப்டர். அன்றே ஒன்பது பேர் போனார்கள். அடுத்தடுத்த நாட்களில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மற்ற இடங்களிலும் ஒவ்வொருவராக. மொத்தம் 20 பேருக்கு மேல். அன்று ராத்திரி முழுக்க எங்கள் ஊர் வழியாக ஆம்புலன்ஸ் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யார் மேலும் குற்றம் சொல்ல இதை எடுக்கவில்லை. போன பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் தவறாகப் பேச எனக்கு வாய் வராது.

எழுத வைத்தது வேறொன்று. போன வருஷம் மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அக்கா மகன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஆறு பேரோடு மலைக்கு வருகிறானாம்.

“இப்ப வராதடா, காஞ்சு கிடக்கு மலை” என்றேன்.

“மாமா, நான் பாத்துட்டேன். நாசா மேப்ல உங்க பக்கம் ஒரு புள்ளிகூட இல்ல.”

“எத்தன மணிக்கு எடுத்த மேப்பு?”

அவனுக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதேயில்லை. லைவ் என்று போட்டிருக்கிறது, அதனால் இப்போது உள்ளது என்று நினைத்துக்கொண்டான். படித்த பையன், கணினிதான் அவன் சோறு. அவனுக்கே இப்படியென்றால் இதை எல்லோருக்கும் எழுதிவிட வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

அவன் பார்த்தது ஃபர்ம்ஸ். நாசா இலவசமாகத் தரும் தீ வரைபடம், நல்ல காரியம். உலகத்தில் எந்த மூலையில் நெருப்பு எரிந்தாலும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக வரும் என்பார்கள். அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 என்று மூன்று செயற்கைக்கோள்கள். இவை மூன்றிலும் வியர்ஸ் என்ற கருவி இருக்கிறது. தரையிலிருந்து வரும் வெப்பத்தை 375 மீட்டருக்கு 375 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும். நம் கணக்கில் ஒரு கட்டம் ஏறத்தாழ 35 ஏக்கர். சுற்றியுள்ள கட்டங்களைவிட ஒரு கட்டம் தூக்கலாகச் சுட்டால், அதன் நடுவில் ஒரு புள்ளி வைக்கும். மூன்றும் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை, நம் தலைக்கு மேலேயே நிற்பவை அல்ல. பகலில் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு சுற்று, ராத்திரி ஒன்றரை மணியை ஒட்டி இன்னொரு சுற்று. ஒன்றன்பின் ஒன்றாக, முன்னே பின்னே கொஞ்ச நேரம் தள்ளி வரும். இவை போக டெர்ரா, அக்வா என்ற இரண்டு பழைய கோள்களில் மோடிஸ் கருவி உண்டு. அதன் கட்டம் ஒரு கிலோமீட்டர். டெர்ரா காலையில் ஒரு பார்வை பார்க்கும். இரண்டுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது, ஓய்வு பெறும் காலம்.

இப்போது எங்கள் மலையின் ஒரு நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் பனி ஈரம் புல்லில் கொஞ்சம் இருக்கும். பத்து மணிக்கு மேல் அது போய்விடும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும். பகல் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும்வரைதான் புல்மலைத் தீக்குக் கொண்டாட்டம். ஒன்றரை மணிச் சுற்று முடிந்து கோள் போய்விட்ட பிறகு! அதற்கப்புறம் ராத்திரிவரை வியர்ஸ் உள்ள அந்த மூன்று கோள்களும் எங்கள் மலையைப் பார்ப்பதில்லை. பார்த்தது வரைபடத்தில் ஏறவும் மூன்று மணிநேரம்வரை ஆகலாம். ஆக, சாயங்காலம் ஐந்து மணிக்கு நீங்கள் திறந்து பார்க்கும் லைவ் வரைபடம், பகல் ஒன்றரை மணி மலையைக் காட்டுகிறது. இரண்டு மணிக்குப் பற்றி மூன்று மணிக்குள் ஒரு முகட்டையே தின்றுவிட்ட தீ அதில் இருக்காது. குரங்கணியில் தீ பிள்ளைகளைச் சூழ்ந்ததும் ஒரு பிற்பகலில்தான்.

இன்னொரு சின்ன விஷயம், இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். புள்ளியைத் தொட்டால் வரும் நேரம் நம் நேரம் அல்ல, கிரீன்விச் கணக்கு. அதோடு ஐந்தரை மணிநேரம் கூட்ட வேண்டும். 08:05 என்று இருந்தால் காலை எட்டு மணி என்று நினைத்துவிடாதீர்கள், அது பகல் 1.35. 20:10 என்று இருந்தால் மறுநாள் விடியற்காலை 1.40. தேதியே மாறிவிடும். ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி இருந்தாலும் அவசரப்பட்டு முடிவுக்கு வர முடியாது. அது கட்டத்தின் நடு, நெருப்பின் இடம் அல்ல. மலையில் இருநூறு மீட்டர் என்பது முகட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற வித்தியாசம். ஒரு புள்ளி விழுந்தால் 35 ஏக்கரும் எரிந்தது என்றும் அர்த்தமில்லை, கட்டத்துக்குள் ஒரு மூலையில் பலமாக எரிந்தாலும் புள்ளி விழும். செங்கல் சூளை, அறுவடை முடிந்து கொளுத்திய கரும்புச் சோகை, தொழிற்சாலைப் புகைபோக்கி எல்லாம்கூடப் புள்ளியாகும். மேகமோ கனத்த புகையோ மூடினால் நிஜத் தீயே தெரியாமல் போகும். சருகுக்கு அடியில் ஊர்ந்துபோகும் தீ, மரநிழலுக்குள் இருந்தால், பல நேரம் தப்பிவிடும். அதனால்தான் ஒவ்வொரு வியர்ஸ் புள்ளியோடும் நம்பகம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது: குறைவு, நடுத்தரம், அதிகம். அதையும் பாருங்கள்.

36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் நம் இன்சாட் வகைக் கோள்கள் அரைமணிக்கொரு முறையாவது படம் எடுக்கின்றனவே என்று சிலர் கேட்பீர்கள். எடுக்கின்றன. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கையில் ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம். ஒரு சரிவில் ஓடும் புல்தீ அதில் தெரிய வேண்டுமானால் அது பெருந்தீயாக வளர்ந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவாய்வு நிறுவனம். 2004-லிருந்து செயற்கைக்கோள் புள்ளிகளை எடுத்து, எந்த மாநிலம், எந்தக் கோட்டம், எந்தச் சரகம், எந்த பீட் என்று பிரித்து வனத்துறைக்கு அனுப்பி வருகிறார்கள். வன் அக்னி என்ற அவர்களுடைய வரைபடத் தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பொதுமக்களும் கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்தால் குறுஞ்செய்தி வரும். நாசா வரைபடத்தைவிட இது எனக்கு உசத்தி, காரணம் எளிது. அங்கே வெறும் புள்ளி. இங்கே அந்தப் புள்ளி எந்தச் சரகத்தில் இருக்கிறது என்று தெரிகிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதோடு தெரிந்துவிடுகிறது. ஆனால் மூலம் அதே கோள்கள்தான். நேரக் கணக்கும் அதேதான். டேராடூனிலிருந்து குறுஞ்செய்தி வராவிட்டால் மலை குளிர்ந்திருக்கிறது என்று பொருளில்லை.

தீ வருமுன் சொல்லும் அபாயக் கணிப்பையும் அந்த நிறுவனமே வெளியிடுகிறது. எத்தனை நாளாக மழையில்லை, எவ்வளவு வெயில், காற்று எப்படி என்பதை வைத்துப் போடும் கணக்கு. மலையேறுகிறவர்களுக்குப் புள்ளிகளைவிட இதுதான் அதிகம் உதவும் என்பேன். புள்ளி சொல்வது நடந்ததை. இந்தக் கணக்கு, ஒரு பீடித்துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. நம் காடுகளில் நெருப்பு பெரும்பாலும் மனிதக் கையிலிருந்து தொடங்குவதுதான், மின்னல் அபூர்வம்.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இதில் எனக்குக் கோபமே உண்டு.

2019 ஆகஸ்டில் அமேசான் காடு எரிந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோன் வருத்தத்தோடு ஒரு படம் போட்டார். அந்தப் படத்தை எடுத்த புகைப்படக்காரர் 2003-லேயே காலமாகிவிட்டவர். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியா எரிந்தபோது, கண்டமே தணலாக ஜொலிப்பது போன்ற ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. வானத்திலிருந்து எடுத்த போட்டோ என்றே பலர் நம்பினார்கள். உண்மையில் அது ஒரு ஓவியர் நான் மேலே சொன்ன நாசா புள்ளிகளை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைத்து வரைந்த உருவம். அவர் ஏமாற்றவில்லை, அதைச் சொல்லித்தான் வெளியிட்டார். பகிர்ந்தவர்கள் அந்த வரியை விட்டுவிட்டார்கள். அதே வருஷம் மே மாதம் உத்தராகண்ட் முழுக்கப் பற்றி எரிகிறது என்று பரவியதில் பழைய வருஷத்துப் படங்களும் சிலி நாட்டுப் படங்களும் இருந்தன. மாநில முதல்வரே முன்வந்து மறுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலியப் படத்தின் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் இருக்கும் வரைபடத்திலும் அதே கண்ணி இருக்கிறது. 24 மணி என்று தேர்ந்தெடுத்தால் ஒரு காட்சி, 7 நாள் என்று தேர்ந்தெடுத்தால் வேறொரு காட்சி. ஏழு நாளில் எரிந்து அணைந்ததெல்லாம் சேர்ந்து மலை முழுவதும் இப்போது எரிவதுபோல் தோன்றும். அதைத் திரையில் படம் பிடித்து, மேலே ‘இப்போதைய நிலவரம்’ என்று எழுதி ஒருவர் குழுவில் போட்டால் போதும். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்க் குழு ஒன்றில், போடி மெட்டுப் பக்கம் எரிகிறது என்று ஒரு வீடியோ வந்தது. அதிலிருந்த மரங்கள் எங்கள் மலையில் இருக்கும் மரங்களே அல்ல. அதற்குள் தோட்ட வேலைக்கு மேலே போன பெண்களின் வீடுகளில் அழுகை தொடங்கிவிட்டது. போனை எடுத்தால் மேலே சிக்னல் இல்லை. அந்தப் பெண்கள் ஜீப்பில் இறங்கி வந்து சேர்ந்த பிறகுதான் பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்கள்.

வனத்துறைக்கும் அதே கதைதான். ஒரு சரகத்தில் இருக்கும் தீத்தடுப்புக் காவலர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் கைவிரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பச்சைக் குழையை ஒடித்து அடித்துத்தான் பல இடத்தில் இன்றும் தீயை அணைக்கிறார்கள். குன்னூரில் 2024 மார்ச்சில் நடந்ததுபோல ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றுவது எப்போதாவது ஒருமுறை. பொய்த் தகவலை நம்பி அந்த நாலு பேர் ஒரு சரிவில் ஏறிவிட்டால், நிஜத் தீ இருக்கும் சரிவுக்கு ஆளில்லை.

கலிபோர்னியாவில் ‘வாட்ச் டியூட்டி’ என்று ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய லாப நோக்கமில்லாத அமைப்பு. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களும் தன்னார்வலர்களும் தீயணைப்புத் துறையின் வயர்லெஸ் பேச்சைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். கேட்டதைச் சரிபார்த்து, மணி நிமிடத்தோடு பதிவு போடுவார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது லட்சக்கணக்கானோர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரத்தில், அபாயமே இல்லாத பகுதி மக்களின் கைப்பேசிகளுக்கும் வெளியேறச் சொல்லும் அரசு எச்சரிக்கை தவறுதலாகப் போய் ஊரே பதறியது. அவ்வளவு கருவிகள் இருக்கும் நாட்டிலும் கடைசியில் நின்றது, காது கொடுத்துக் கேட்டு நேரம் போட்டு எழுதிய மனிதர்கள்தான்.

எங்கள் மலைக்கும் அப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இணையத்தில் இல்லை, அவ்வளவுதான். குரங்கணி டீக்கடையில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள், நேற்று ராத்திரி எந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது என்று சொல்வார். மேலே இருக்கும் முதுவர் குடிகளில் கேட்டால், எந்தச் சரிவில் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கிறது, எதை வனத்துறை ஏற்கெனவே எரித்துத் தீத்தடுப்புக் கோடு போட்டிருக்கிறது என்பது தெரியும். சரக அலுவலகத்தில் வயர்லெஸ் இருக்கிறது. உங்கள் போன் செத்துப்போகும் இடத்திலும் அது பேசும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்கள் குழுவில் பதினைந்து பேர் வந்தால் பதினான்கு பேர் ஏறுங்கள். ஒருவர் கீழே இருக்கட்டும். சிக்னல் கிடைக்கும் இடத்தில், சார்ஜ் உள்ள போனோடு. முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், இந்த முறை நீ, அடுத்த முறை நான் என்று. அவர் வேலை என்ன? மலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முதல் வேலை. புகை தெரிந்தால் சரகத்துக்கும் தீயணைப்பு எண் 101-க்கும் உடனே சொல்ல வேண்டும், மாவட்டப் பேரிடர் எண் 1077-க்கும். பகல் சுற்று வரைபடத்தில் ஏறியிருக்கிறதா என்று நாலு மணி வாக்கில் பார்க்க வேண்டும். மேலே போனவர்களின் பெயர், ரத்த வகை, எந்தப் பாதை, எத்தனை மணிக்கு எங்கே இருப்பார்கள் என்ற தாள் அவர் கையில் இருக்க வேண்டும். மேலே உள்ளவர்களுக்கு அவரால் போன் போட முடியாமல் போகலாம். ஆனால் எந்தச் சரிவில் தேட வேண்டும் என்று தேடுகிறவர்களுக்குச் சொல்ல முடியும். ஒரு அரைமணி நேரம் மிச்சமானால்கூட அது எத்தனை பெரிய விஷயம் என்று எங்கள் ஊரைக் கேளுங்கள்.

தீக்காலத்தில் வனத்துறை பாதையை மூடினால் வேறு வழி கண்டுபிடித்து ஏறாதீர்கள். குரங்கணிக்குப் பிறகு அதே 2018-இல்தான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனியாக ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. நீங்கள் அனுமதிச் சீட்டில் எழுதிய பாதைதான், நாளைக்கு ஒன்று ஆனால், உங்களைத் தேடி வரும் பாதை.

மேலே போனபின் புகை வாசம் வந்தால், அதுதான் கடைசியாக வந்த சரியான தகவல். வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தீ கீழிருந்து வரும்போது மேல்நோக்கி ஓடாதீர்கள். சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. எந்தக் காலும் அதை முந்தாது. ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம், பாறை, புல் இல்லாத வெட்டவெளி, பக்கவாட்டில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். பள்ளத்தாக்கு மடிப்புக்குள் இறங்காதீர்கள், புகைபோக்கி போல அது தீயை இழுக்கும்.

என் அக்கா மகன் அந்த வாரம் வரவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை. பிறகு கோடை மழை விழுந்து மலை பச்சையான சமயத்தில் வந்தான். நண்பர்களை மேலே அனுப்பிவிட்டு அவன் அடிவாரத்திலேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான், மடியில் பெயர்த் தாளோடு. நான் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது, எந்தக் கோள் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்கே பாடம் எடுத்தான்.

இதை எழுதி முடிக்கும்போது மணி மாலை 5.40. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் சரகத்தில் புள்ளி இல்லை, கடைசிச் சுற்று பகல் 1.50-க்கு. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, வடக்குப் பக்கமாக, நூல் போல ஒரு புகை நிற்கிறது. சரக அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும், மடலை இதோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
போடிநாயக்கனூரிலிருந்து உங்கள் அண்ணன்